கே.எல். கொடிய வீட்டுலயே தைக்கிறது எப்படி, ஜாலூர் கெமிலாங்கோட கொழப்பிக்காம

பிப்ரவரி 1 கூட்டரசு பிரதேச தினம் நெருங்குனாலே தமிழ்ப்பள்ளி டீச்சருங்க, பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்காரங்க, கோயில் இளைஞர் பகுதி பசங்கன்னு ஒரு கூட்டம் கொடி தேடி அலைய ஆரம்பிச்சிடும், ஜாலூர் கெமிலாங், அதாவது மலேசிய தேசியக் கொடி, மினிமார்ட்ல கூட கெடைக்கும் ஆனா கே.எல்.ன்னு நாம சொல்ற கோலாலம்பூரோட கொடி கேட்டா கடைக்காரரே முழிப்பாரு. நான் செந்தூல் பக்கம் தையல் வேலை செய்யறவ, ப்ளவுஸும் பள்ளி யூனிஃபார்மும்தான் நம்ம சோறு, ஆனா கொடியும் தைச்சுக் கொடுக்கறேன், அதனால வீட்டுல ஒரு சாதா தையல் மெஷின் இருக்கறவங்க யாருமே செஞ்சிடலாம்ங்கற அளவுக்கு இத எழுதறேன்.

மொதல்ல கொடிய ஒழுங்கா பாக்கணும். பாக்காம கத்திரிக்கோல் எடுக்காதீங்க. கே.எல். கொடியில இருக்கற ஒவ்வொரு துண்டும் ஜாலூர் கெமிலாங்லேர்ந்து வந்ததுதான், அதே சிவப்பு வெள்ளைப் பட்டை, அதே நீலம், அதே மஞ்சள் பிறை, அதே 14 முனை நட்சத்திரம். இடம்தான் மாறியிருக்கு. தேசியக் கொடியில மேல் மூலையில ஒதுங்கி நிக்கற நீலம் இங்க நடுவுக்கு வந்து அகலமா படுத்துக்கிச்சு, பிறையும் நட்சத்திரமும் அந்த நீலத்து மேல, பட்டைங்க எல்லாம் மேலயும் கீழயும் ஒதுங்கிடுச்சு. இத மனசுல வாங்கிட்டீங்கன்னா தைக்கறது பாதி முடிஞ்ச மாதிரி, ஏன்னா எந்தத் துண்ட மொதல்ல தைக்கணும் எத கடைசியில ஒட்டணும்ங்கறது இதுலயே வந்துடும்.

எதுக்கு இப்படி தேசியக் கொடிய கலைச்சு அடுக்கி வச்ச மாதிரி ஒரு கொடின்னு பிள்ளைங்க கேப்பாங்க, கேக்கணும். கோலாலம்பூர் ஒரு காலத்துல செலாங்கூர் மாநிலத்தோட தலைநகரம், 1880-ல கிள்ளான்லேர்ந்து தலைநகரம் இங்க மாறுச்சு. செலாங்கூர் கொடி சிவப்பும் மஞ்சளும் நாலு கட்டமா இருக்கும், மூலையில வெள்ளைப் பிறையும் நட்சத்திரமும். அப்புறம் 1972 பிப்ரவரி 1-ல கே.எல். மாநகரம் ஆச்சு, சரியா ரெண்டு வருஷம் கழிச்சு 1974 பிப்ரவரி 1-ல செலாங்கூர்லேர்ந்து பிரிஞ்சு கூட்டரசு பிரதேசம் ஆயிடுச்சு. அதாவது இதுக்கு சுல்தானும் இல்ல, மாநில முதலமைச்சர் மாதிரி மந்திரி புசாரும் இல்ல, நேரா கூட்டரசோட, அதாவது மத்திய அரசோட கையில இருக்கற ஊரு. அப்படி இருக்கறப்ப கொடியும் கூட்டரசோட கொடியிலேர்ந்து எடுத்து செஞ்சது எனக்கு நியாயமாத்தான் படுது.

இப்ப நாம ஏத்தற இந்தக் கொடி மொதல்ல பறந்தது 1990 மே 14. அந்தத் தேதி சும்மா வரல, 1890 மே 14-லதான் இங்க சானிட்டரி போர்டு தொடங்குனாங்க, சாக்கடை, குப்பை, தெரு சுத்தம் இதையெல்லாம் பாத்துக்கறதுக்கு, அதுதான் பின்னாடி வளந்து வளந்து இன்னிக்கு டிபிகேஎல்லா, அதாவது கே.எல். மாநகராட்சியா நிக்குது. ஆக நூறாவது வருஷக் கொண்டாட்டத்துக்கு வந்த கொடி இது. நம்ம ஊரு கொடியோட பொறந்த நாளும் சாக்கடை போர்டோட பொறந்த நாளும் ஒண்ணுன்னு சொன்னா பசங்க சிரிப்பாங்க, ஆனா மறக்கவே மாட்டாங்க.

நிறத்துக்கு அர்த்தம் கேட்டா, நீலம் கே.எல். மக்களோட ஒத்துமை, சிவப்பு துணிச்சலும் ஊக்கமும், வெள்ளை தூய்மை சுத்தம் அழகு, மஞ்சள் இறையாண்மையும் செழிப்பும். ப்ராஜெக்ட் எழுதறவங்களுக்கு இது போதும்.

எனக்கு ஒரு குறை உண்டு, சொல்லிடறேன். தூரத்துலேர்ந்து காத்துல பறக்கறப்ப இத பாத்தா முக்காவாசிப் பேரு ஜாலூர் கெமிலாங்ன்னு நெனச்சிட்டுப் போயிடுவாங்க. பினாங்கு கொடிய பாருங்க, வெளிர் நீலம், வெள்ளை, மஞ்சள்னு நெட்டுக்குத்தா மூணு பட்டை, நடுவுல புல்லு மேட்டுல ஒரு பாக்கு மரம், ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தாலும் பினாங்குன்னு தெரியும். அது மாநிலக் கொடி, இது மாநகரக் கொடி, சரி, ஆனாலும் கொடின்னா தூரத்துலேர்ந்து ஆளத் தெரியணும் இல்லையா. புத்ராஜெயா கொடியில நடுவுல மலேசியச் சின்னத்தையே வச்சிட்டாங்க, புலி, பிறை, எழுத்து எல்லாம் சேந்து வரும், அத துணியில தைக்கச் சொல்லி யாரும் எங்கிட்ட வராம இருக்கணும்னு வேண்டிக்கறேன். அந்தக் கணக்குல பாத்தா கே.எல். கொடி தைக்கறவங்களுக்கு நல்ல கொடிதான்.

பினாங்குன்னதும் இன்னொண்ணு. ஜார்ஜ் டவுன் 1957 ஜனவரி 1-லயே மாநகரம் ஆயிடுச்சு, மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு முன்னாடியே, கே.எல்.லுக்கு 15 வருஷம் முன்னாடி. அதோட மொத மேயர் நம்ம டி.எஸ். ராமநாதன். பினாங்குக்காரங்க இத சொல்லிக் காட்டாம விடமாட்டாங்க, நாமளே முந்திக்கிட்டு சொல்லிட்டா தப்பிச்சோம்.

சரி வேலைக்கு வருவோம்.

அளவு. ஜாலூர் கெமிலாங் மாதிரியே உயரத்துக்கு ரெண்டு பங்கு நீளம்னு வச்சுக்கோங்க. பள்ளிக் கம்பத்துக்கு 90 சென்டிமீட்டர் உயரம் 180 நீளம் சரியா இருக்கும், மூணுக்கு ஆறு அடிம்பாங்களே கிட்டத்தட்ட அதுதான். பட்டை எவ்வளவு அகலம், நீலம் எவ்வளவு அகலம்னு தலைய பிச்சுக்காதீங்க, ஒரு சின்ன வழி இருக்கு. டிபிகேஎல்லோட கொடிப் படத்த நல்ல தெளிவான படமா எடுத்து, 9 சென்டிமீட்டர் உயரம் 18 சென்டிமீட்டர் நீளம் வர்ற மாதிரி பேப்பர்ல ப்ரின்ட் பண்ணிடுங்க. இப்ப பேப்பர்ல 1 மில்லிமீட்டர்னா துணியில 1 சென்டிமீட்டர். ஸ்கேல் வச்சு ஒவ்வொரு பட்டையையும், நீலத்தையும், பிறையோட விட்டத்தையும், நட்சத்திரத்தோட விட்டத்தையும், ரெண்டும் ஓரத்துலேர்ந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னும் அளந்து எழுதிக்கோங்க. பட்டைங்கள ஒண்ணொண்ணா விரல் வச்சு எண்ணி நிறத்தையும் வரிசையா எழுதுங்க, ஞாபகத்துல இருக்குன்னு வெட்டக் கூடாது, ஜாலூர் கெமிலாங் ஞாபகம் குறுக்க வந்து கெடுத்துடும்.

துணி. வெளிய கம்பத்துல ஏத்தறதுக்கு பாலியெஸ்டர், கொஞ்சம் லேசா, ஒதறுனா சர்ருன்னு சத்தம் வர்ற மாதிரி. காட்டன் வேணாம், மழையில நனைஞ்சா கனத்து தொங்கும், வெயில்ல சீக்கிரம் வெளுக்கும், நம்ம கே.எல். மழை மத்தியானம் மூணு மணிக்கு மேல சொல்லாம கொள்ளாம வரும் தெரியும்ல. அதுலயும் சிவப்புக் காட்டன் சாயம் விட்டுச்சுன்னா பக்கத்துல இருக்கற வெள்ளைப் பட்டை ரோஸ் ஆயிடும். மண்டபத்துல மேடையில நிக்க வைக்கறதுக்குன்னா சாட்டின் எடுங்க, பளபளன்னு இருக்கும், தைக்கறப்ப வழுக்கும், அவ்வளவுதான். மஸ்ஜித் இந்தியாவுலயோ ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான்லயோ துணிக்கடைக்குப் போறப்ப கொடிப் படத்தையும் எடுத்துட்டுப் போங்க, கடை வெளிச்சத்துல நீலம் ஒரு மாதிரி தெரியும், வாசல்ல வந்து பகல் வெளிச்சத்துல பாத்துட்டு வெட்டச் சொல்லுங்க. சிவப்பு, வெள்ளை, நீலம் மூணும் ஆளுக்கு ரெண்டு மீட்டர், மஞ்சள் அரை மீட்டருக்கு மேல வேணாம். என்னடா இவ்வளவு துணியான்னு நெனப்பீங்க, பட்டைய துணியோட நீளவாக்குல முழுசா வெட்டணும், நடுவுல ஒட்டுப் போட்டா காத்துல மொத கிழியறது அந்த எடம்தான். மிச்சம் விழற துணியில பசங்களுக்கு சின்னக் கைக்கொடி நெறைய வரும். நூல் பாலியெஸ்டர் நூலா வாங்குங்க. ஊசி 12-ஆம் நம்பர்.

வெட்டறது. நீங்க எழுதி வச்ச ஒவ்வொரு பட்டை அகலத்தோடயும் 3 சென்டிமீட்டர் கூட்டிக்கோங்க, ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை, தையலுக்குப் போயிடும். நீலத்துக்கும் அப்படியே. நீளம் 188 வெட்டுங்க, 180 கொடிக்கு, மிச்சம் ரெண்டு ஓரமும் மடிக்க. சாக்கட்டியால கோடு போட்டு வெட்டுங்க, பாலியெஸ்டர் ஓரம் நூல் பிரியும், ஊதுவத்தி நெருப்ப ஓரத்துல லேசா காட்டி உருக்கி விடறவங்க இருக்காங்க, நல்லாவும் நிக்கும், ஆனா பிள்ளைங்க பக்கத்துல இருக்கறப்ப வேணாம்.

இப்ப நட்சத்திரம். இங்கதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க. 14 முனை. அஞ்சு முனைன்னா யாரு வேணா போட்டுடுவாங்க, எட்டு முனைன்னா பேப்பர மடிச்சு மடிச்சு வெட்டிடலாம், 14 மடிப்புக்கு வராது, டிகிரி மானி வச்சாலும் 25.71 டிகிரின்னு வரும், அத எங்க போய் வைக்கறது. எதுக்கு 14-ன்னா அதுக்கும் ஒரு கதை இருக்கு. 1949-ல மலாயாவுக்குக் கொடி வேணும்னு போட்டி வச்சாங்க, 373 கொடி வந்துச்சு, ஜொகூர்ல பொதுப்பணித் துறையில வேலை பாத்த முகமட் ஹம்சாங்கறவரோடது ஜெயிச்சுச்சு. அவர் மொதல்ல வரைஞ்சது அஞ்சு முனை நட்சத்திரம், அப்புறம் 11 மாநிலத்துக்குன்னு 11 முனையா மாத்துனாங்க, பட்டையும் 11, அது 1950 மே 26-ல ஏறுச்சு. 1963 செப்டம்பர் 16 மலேசியா உருவானப்ப சபா, சரவாக், சிங்கப்பூர் மூணும் சேந்ததுல 14 ஆச்சு. 1965-ல சிங்கப்பூர் போயிடுச்சு, ஆனா முனைய வெட்டல, 13 மாநிலமும் கூட்டரசும்னு கணக்க சரி பண்ணிக்கிட்டாங்க. கூட்டரசு பிரதேசமும் அந்தப் பதினாலாவதுலதான் வருது, அதனால கே.எல். பிள்ளைங்க பதினாலாவது முனை எங்களோடதுன்னு தாராளமா சொல்லிக்கலாம்.

முனை 14, முனைக்கு நடுவுல பள்ளம் 14, மொத்தம் 28 புள்ளி வேணும். டிகிரியே வேணாம், இப்படிப் பண்ணுங்க. பெரிய மைலோ டின்னோ பிஸ்கட் டின்னோ, வட்டமா இருக்கணும். நீட்டமா ஒரு பேப்பர் நாடா வெட்டி டின்ன சுத்தி வச்சு, சரியா ஒரு சுத்து வர்ற எடத்துல வெட்டிடுங்க. அந்த நாடாவ ரெண்டா மடிங்க. இப்ப கோடு போட்ட எக்சர்சைஸ் புக்க திறந்து, மடிச்ச நாடாவோட ஒரு நுனிய ஏதாவது ஒரு கோட்டுல வைங்க, அங்கேர்ந்து 14 இடைவெளி கீழ எண்ணி, நாடாவோட இன்னொரு நுனி சரியா அந்தக் கோட்டுல படற மாதிரி நாடாவ சாய்ச்சு வைங்க. நாடா சாஞ்சு கெடக்கும், கெடக்கட்டும். ஒவ்வொரு கோடும் நாடாவ வெட்டற எடத்துல பென்சில் புள்ளி வைங்க. பாதி நாடாவுல 14 சம பங்கு வந்துடுச்சு, அழுத்தி வச்சு மடிப்போட மறுபக்கத்துக்கும் அதே புள்ளிய எடுத்தா 28. நாடாவ திரும்பவும் டின்ன சுத்தி ஒட்டிட்டு, டின்ன பெரிய பேப்பர் மேல நிக்க வச்சு 28 புள்ளியையும் பேப்பருக்கு எறக்குங்க. (கோடு ரொம்ப அகலமா இருந்து 14 இடைவெளி நாடாவ விட நீளமா போச்சுன்னா டின் சின்னதுன்னு அர்த்தம், பெருசா ஒண்ணு எடுங்க.)

டின்ன எடுத்துட்டு, எதிரும் புதிருமா இருக்கற புள்ளிங்கள, ஒண்ணையும் பதினஞ்சையும், ரெண்டையும் பதினாறையும்னு ஸ்கேல் வச்சு சேத்துக்கிட்டே போனா எல்லாக் கோடும் ஒரே எடத்துல வெட்டும், அதுதான் நடு மையம், தனியா தேட வேணாம். கோட்டையெல்லாம் வெளிய நீட்டிக்கோங்க. மையத்துல காம்பஸ் வச்சு, ப்ரின்ட்ல அளந்த மாதிரி முனைக்கு ஒரு பெரிய வட்டம், பள்ளத்துக்கு ஒரு சின்ன வட்டம். ஒரு கோட்டுல பெரிய வட்டத்துல புள்ளி, அடுத்த கோட்டுல சின்ன வட்டத்துல புள்ளி, மாத்தி மாத்தி வச்சு சேத்தா நட்சத்திரம் வந்துடும். முனை ஒண்ணு நேரா மேல பாக்கணும், ப்ரின்ட்டோட வச்சு சரி பாத்துக்கோங்க. பிறைக்கு ரெண்டு வட்டம் போதும், வெளி வட்டம் ஒண்ணு, உள்வட்டம் கொஞ்சம் வலது பக்கம் தள்ளி, ரெண்டையும் ப்ரின்ட்லேர்ந்து அளந்தே போடுங்க. இந்தப் பேப்பர் பேட்டர்ன பத்திரமா வச்சுக்கோங்க, ஜாலூர் கெமிலாங் தைக்கறப்பவும் நட்சத்திரம் போடற முறை இதேதான், அளவு மட்டும் மாத்திக்கலாம்.

தைக்கறப்ப நீலத்துலேர்ந்து ஆரம்பிங்க. பட்டையெல்லாம் சேத்து முடிச்சிட்டு அப்புறம் நடுவுல பிறைய தைக்கலாம்னு போனா அவ்வளவு பெரிய துணிய மெஷின் கழுத்துக்குள்ள சுருட்டி சுருட்டித் திணிச்சு உசுரு போயிடும். நீலத் துண்டுல நடு எடத்த மடிச்சு குறி வச்சு, பேட்டர்ன்படி பிறையையும் நட்சத்திரத்தையும் சாக்கட்டியால வரைஞ்சுக்கோங்க. மஞ்சத் துணிய பேட்டர்ன் அளவுக்கு வெட்டாதீங்க, சும்மா சதுரமா பெருசா ரெண்டு துண்டு, ஒண்ணு நீலத்துக்கு முன்னாடி, ஒண்ணு பின்னாடி, நடுவுல நீலம், மூணையும் சேத்து குண்டூசி குத்திடுங்க. முன்னாடி மஞ்ச மேலயும் வரைஞ்சு, அந்தக் கோட்டு மேலயே நேர்த் தையல் ஒரு சுத்து. அப்புறம் தையலுக்கு வெளிய இருக்கற மஞ்சள முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்ட வெட்டி எடுத்துட்டு, அந்த ஓரம் மேல நெருக்கமா ஜிக்ஜாக் அடிங்க. பள்ளத்துலயும் முனையிலயும் ஊசிய துணிக்குள்ள எறக்கி வச்சுட்டு, துணிய அழுத்திப் பிடிக்கற மெஷின் கால தூக்கி, துணிய திருப்பி, அந்தக் கால எறக்கிட்டு அடிக்கணும், 28 தடவ, பொறுமை வேணும், பாட்டு எதாவது போட்டுக்கோங்க. பாலியெஸ்டர் துணிக்கு அயர்ன் சூடு கம்மியா வைங்க.

பின்பக்கத்துலேர்ந்து பாத்தா பிறை திரும்பி நிக்கும். அது சரிதான். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியணும்னு சிலர் தனித்தனியா தைக்கச் சொல்லி வருவாங்க, அப்படிச் செய்யக் கூடாது, கம்பத்து பக்கம்தான் கணக்கு, முன்னாடி பாத்தா கம்பம் இடது கைப்பக்கம், பிறை கம்பத்த ஒட்டுன பக்கம், நட்சத்திரம் அதுக்கு அந்தாண்ட. பின்னாடி பாக்கறவங்களுக்கு எல்லாமே மாறித்தான் தெரியும், எந்தக் கொடிக்கும் அப்படித்தான்.

அடுத்தது பட்டைங்க. நீலத்தோட மேல் ஓரத்துலேர்ந்து வெளிய பாத்து ஒண்ணொண்ணா, கீழ் ஓரத்துலேர்ந்தும் அப்படியே. தையல் ஜீன்ஸ் கால் ஓரத்துல இருக்கற மாதிரி இரட்டை மடிப்புத் தையலா இருக்கணும், ஒரு ஓரத்த இன்னொரு ஓரத்துக்குள்ள மடிச்சு விட்டு ரெண்டு வரிசை, அப்பதான் பின்னாடியும் பிரிஞ்ச ஓரம் தெரியாது, காத்துலயும் பிரியாது. ஒவ்வொரு பட்டை முடிஞ்சதும் மொத்த உயரத்த அளந்துடுங்க, ஒவ்வொண்ணுலயும் அரை சென்டிமீட்டர் பிசகுனாலும் கடைசியில மேல் பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒத்துப் போகாது.

பறக்கற ஓரம், அதாவது கம்பத்துக்கு எதிர்ப்பக்கம், அங்க நாலு வரிசை தையல் போடுங்க. கொடி கிழியறது எப்பவுமே அங்கேர்ந்துதான், சாட்டை மாதிரி அடிச்சுக்கும். அந்த ரெண்டு மூலைக்கும் உள்ள முக்கோணமா ஒரு ஒட்டுத் துணி வச்சுத் தைச்சா இன்னும் தாங்கும். கம்பத்துப் பக்கம் கெட்டியான வெள்ளை கான்வாஸ் நாடாவ மடிச்சு வச்சு அடிச்சு, மேலயும் கீழயும் கயிறு கோக்கறதுக்கு பித்தளை ஐலெட் வளையம் போடுங்க, இரும்பு வேணாம், துரு எறங்கி வெள்ளையில கறையாகும். நாடாவோட மேல் நுனியில மார்க்கர்ல மேல்னு எழுதி விடுங்க, காலையில அவசரத்துல ஏத்தற பசங்களுக்கு அது பெரிய உதவி.

ஏத்தறப்ப, கூட ஜாலூர் கெமிலாங் இருந்தா அதுக்குத்தான் மொத மரியாதை. ரெண்டு கம்பம்னா எதிர்ல நின்னு பாக்கறவங்களுக்கு இடது பக்கம் ஜாலூர் கெமிலாங், வலது பக்கம் கே.எல். கொடி. கே.எல். கொடி அதவிட பெருசாவும் இருக்கக் கூடாது, உயரமாவும் பறக்கக் கூடாது. டத்தாரான் மெர்டேக்காவுல 95 மீட்டர் கம்பத்துல பறக்கறத பாத்துட்டு வந்த பசங்க ரெண்டையும் ஒரே கயித்துல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா கட்டலாமான்னு கேப்பாங்க, தனித்தனி கம்பமே நல்லது. கொடியையோ சின்னத்தையோ கடை விளம்பரத்துலயோ விக்கற பொருள்லயோ போடற யோசனை யாருக்காவது இருந்தா, சின்னங்களத் தவறா பயன்படுத்தறதத் தடுக்கற 1963-ஆம் வருஷச் சட்டம் ஒண்ணு இருக்கு, மொதல்ல அனுமதி கேட்டுக்கோங்க.

மழை வந்தா எறக்கிடுங்க. நனைஞ்சிடுச்சுன்னா அப்படியே சுருட்டி அலமாரியில போடாதீங்க, நிழல்ல காய வச்சுதான் மடிக்கணும். தொவைக்கறது பச்சத் தண்ணியில, தனியா, சோப்புத் தூள் கொஞ்சமா, ப்ளீச் தொடவே கூடாது. பறக்கற ஓரம் நூல் நூலா பிரிய ஆரம்பிச்சா ஒடனே ஒரு ரெண்டு சென்டிமீட்டர் வெட்டி மறுபடி நாலு வரிசை அடிச்சிடுங்க, ஒரு தடவை ரெண்டு தடவை அப்படிப் பண்ணலாம், அதுக்கு மேல வெட்டுனா கொடி குட்டையாயிடும், புதுசு தைக்கறதுதான் சரி. பேட்டர்னும் அளவு எழுதுன பேப்பரும் கையில இருந்தா ரெண்டாவது கொடி ஒரு சனி ஞாயிறுல முடிஞ்சிடும்.